கேள்வி பதில்: பகா எண்களைச் சலிக்கும் நிரல்

கேள்வி: நான் கோலாலம்பூர், செந்தூலில் வசிக்கும் கணினித் துறை மாணவன். ஒரு குணகத்தை நிலையாக வைத்து, அதை 2-இன் அடுக்குகளால் பெருக்கி 1-ஐக் கழித்துக் கிடைக்கும் எண்களுள் பகா எண்களைத் தேடி வருகிறேன். அடுக்குகள் 100,000 முதல் 1,000,000 வரை. நேரடியாகச் சோதிக்கும் முன், சிறிய பகா எண்களால் வகுபடுபவற்றை நீக்க, சி மொழியில் ஒரு சல்லடை நிரல் எழுதினேன். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அது அடுக்குக்கு அடுக்கு மீதியை இரட்டித்துப் பார்க்கிறது. ஒரு பில்லியன் வரை சலிப்பதற்கே மிகவும் தாமதமாகிறது. எதைச் சீர்செய்ய வேண்டும்? எதுவரை சலிக்க வேண்டும்?

பதில்: ஒரு பில்லியனுக்குள் 50,847,534 பகா எண்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 900,000 முறை இரட்டித்தால் ஏறத்தாழ 46 டிரில்லியன் படிகள் ஆகின்றன. இரட்டிப்பை எவ்வளவு நேர்த்தியாக எழுதினாலும் இந்த எண்ணிக்கை குறையாது. ஆகவே வரிகளைச் செதுக்குவதை நிறுத்திவிட்டு முதலில் முறையையே மாற்றுங்கள்.

கணிதவியலாளர் டேனியல் ஷாங்க்ஸ் 1971இல் வெளியிட்ட ஒரு முறை இதற்கென்றே அமைந்தது போன்றது. அதைத் தமிழில் சிற்றடி–பேரடி முறை எனலாம். 900,000-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 949. 2-இன் முதல் 949 அடுக்குகள் விடும் மீதிகளைக் கணக்கிட்டு ஓர் அட்டவணையில் வைத்துக்கொள்ளுங்கள், இவை சிற்றடிகள். பிறகு ஒரே பெருக்கலில் 949 அடுக்குகளைத் தாண்டும் பேரடிகளை வைத்து, ஒவ்வொரு பேரடியிலும் கிடைக்கும் மீதி அட்டவணையில் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் வகுபடும் அடுக்கு தெரிந்துவிடும். 900,000 படிகளுக்குப் பதிலாகச் சுமார் 1,900 படிகளே போதும். அட்டவணையில் மீதிகள் மட்டும் 8 கிலோபைட்டுக்குள் அடங்குவதால், செயலியின் மிக அருகிலுள்ள, பெரும்பாலும் 32 கிலோபைட் கொண்ட கேச் நினைவகத்திலேயே அது தங்கும். முழு வரம்புக்கும் ஒரே பெரிய அட்டவணை அமைத்தால் இந்த நன்மை கைநழுவிப் போகும்.

ஓர் அடுக்கு கிடைத்தவுடன் நின்றுவிடாதீர்கள். 2-இன் அடுக்குகள் விடும் மீதிகள் சுழன்று சுழன்று வருபவை. 7-ஆல் வகுத்தால் 1, 2, 4 என்ற மூன்றே மீதிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சுழற்சியின் நீளம் உங்கள் வரம்பைவிடக் குறைவாக இருந்தால், அந்த நீளத்துக்கு ஒன்றாக மேலும் பல அடுக்குகள் நீங்கும். மிகச் சிறிய பகா எண்களுக்கு இந்தச் சுழற்சியை மட்டும் கண்டுபிடித்துத் தாவிச் செல்வதே போதும், பேரடிகள் தேவையில்லை.

இன்னொரு நல்ல சேமிப்பும் உண்டு. எண் வகுபட வேண்டுமானால், அடுக்கு இரட்டையாக இருக்கையில் குணகம் அந்தப் பகா எண்ணுக்கு ஒரு வர்க்க மீதியாக, அதாவது ஏதேனும் ஒரு வர்க்க எண் விடும் மீதியாக, இருந்தாக வேண்டும். அடுக்கு ஒற்றையாக இருக்கையில் குணகத்தின் இரு மடங்கு அவ்வாறு இருக்க வேண்டும். இரண்டுமே பொருந்தாத பகா எண்ணை ஓர் அடிகூட எடுத்துவைக்காமல் ஒதுக்கிவிடலாம். பெரும்பாலான குணகங்களுக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பகா எண் இப்படி ஒதுங்கும். ஒன்று மட்டும் பொருந்தினால், ஒற்றை அல்லது இரட்டை அடுக்குகளை மட்டும் தேடினால் போதும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்; பழைய எண் கோட்பாடு ஒரு நிரலின் நேரத்தை நேரடியாகக் குறைப்பதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாக நான் கண்டதில்லை.

பேரடிகளுக்குப் பெருக்கல் வேண்டும். வகுக்கும் பகா எண் 4,294,967,296-ஐத் தாண்டினால் இரு மீதிகளின் பெருக்கற்பலன் 64 பிட்டுக்குள் அடங்காமல் போகலாம். 128 பிட்டில் பெருக்கி, வழக்கமான வகுத்தலால் மீதி காண்பது சரியான விடையையே தரும், ஆனால் மிகவும் மெதுவானது. கணிதவியலாளர் பீட்டர் மாண்ட்கொமரி 1985இல் தந்த முறை, வகுத்தலைத் தவிர்த்துப் பெருக்கலாலும் கூட்டல் கழித்தலாலுமே மீதியைத் தருகிறது. அதையே பயன்படுத்துங்கள். செயலியில் நான்கு கருக்கள் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) இருந்தால், பகா எண்களின் வரம்பை நான்காகப் பிரித்து ஒவ்வொரு கருவுக்கும் ஒன்றைக் கொடுங்கள். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

எதுவரை சலிப்பது? ஒரு பில்லியனிலிருந்து ஒரு டிரில்லியனுக்குச் சென்றால், எஞ்சியிருக்கும் எண்களில் சுமார் கால் பங்கே மேலும் நீங்கும்; ஆனால் சோதிக்க வேண்டிய பகா எண்களோ ஏறத்தாழ 740 மடங்காகப் பெருகும். சல்லடை ஓர் எண்ணை நீக்க எடுக்கும் நேரம், எஞ்சிய எண் பகா எண்தானா என்று முடிவுசெய்யும் லூக்கா–லேமர்–ரீசல் சோதனை ஓர் எண்ணுக்கு எடுக்கும் சராசரி நேரத்தை எட்டும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அடுக்கு இரு மடங்கானால் சோதனை நேரம் நான்கு மடங்குக்கும் சற்று மேலாகிறது; ஆகவே சிறிய அடுக்குகளை முன்னதாகவே பிரித்தெடுத்துச் சோதிக்கலாம், பெரியவற்றை இன்னும் ஆழமாகச் சலிக்கலாம். இரண்டு நேரங்களையும் உங்கள் கணினியிலேயே அளந்துகொள்ளுங்கள். நம் ஊர் வெப்பத்தில், குளிரூட்டி இல்லாத அறையில் மடிக்கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிட வேகத்தை நம்பாமல், ஒரு மணி நேரம் ஓடவிட்டபின் அளப்பதே சரி.

கேள்வி: பினாங்கு, பட்டர்வொர்த்தில் ஆசிரியையாக இருக்கிறேன். மாணவர்களுடன் சேர்ந்து இதே போன்ற ஒரு சல்லடையை எழுதி வருகிறோம். அது சரியாக வேலை செய்கிறது என்பதை எப்படி உறுதிப்படுத்துவது?

பதில்: முதலில் பகா எண்களை உருவாக்கும் பகுதியைச் சரிபாருங்கள், அம்மா. 100-க்குள் 25, ஒரு மில்லியனுக்குள் 78,498 என்று வர வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பிழை இருக்கிறது.

அடுத்து, சல்லடையில் நேரும் பிழைகள் இருவகை என்பதை மாணவர்களுக்கு விளக்குங்கள். ஒரு வகுஎண்ணைத் தவறவிட்டால் நட்டம் ஒரு கூடுதல் சோதனை மட்டுமே. வகுபடாத எண்ணை வகுபடுவதாகக் கருதி நீக்கிவிட்டாலோ, தேடி வந்த பகா எண்ணையே இழக்க நேரும். அந்த இழப்பு யாருக்கும் தெரியவும் வராது. எனவே நிரல் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு வகுஎண்ணையும் ஒரு கோப்பில் பதிந்து, வேறொருவர் எளிய முறையில் எழுதிய தனி நிரலால் மீண்டும் வகுத்துப் பாருங்கள். கூடுதலாகும் நேரம் மிகச் சொற்பம்.

நான் எழுதிய முதல் சல்லடை, குணகம் 3-க்கு அடுக்கு 4-ஐ நீக்கிவிட்டது. 3 × 16 − 1 என்பது 47. அது 47-ஆல் வகுபடுவது உண்மையே. ஆனால் 47 பகா எண். எண்ணும் வகுக்கும் பகா எண்ணும் ஒன்றாகவே இருக்கையில் நீக்கக் கூடாது என்ற நிபந்தனையை நான் எழுதவில்லை. அடுக்குகளை 1 முதல் 7 வரை மட்டும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள்: 5, 11, 23, 47, 191, 383 ஆகிய ஆறும் எஞ்ச வேண்டும், அடுக்கு 5 தரும் 95 மட்டுமே நீங்க வேண்டும்.