அட்டிக்கில் (கூரைக்கும் அறைகளின் உட்கூரைக்கும் நடுவே உள்ள இடம்) அலுமினிய ஃபாயில் அடித்தால் வீட்டுச் சூடு குறையுமா? வெப்பம் கடக்காமல் தடுக்கப் போடும் அடுக்கான இன்சுலேஷனுக்குப் பதிலாக அதை மட்டும் போட்டால் போதுமா?

முதல் கேள்விக்கு, குறையும். இரண்டாவதற்கு, போதாது. எங்கள் வீட்டு அட்டிக்கில் இரண்டுமே இருக்கின்றன, அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வெயிலில் காய்ந்த கூரை 60, 70 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தொடும். அதன் அடிப்பக்கம் அந்தச் சூட்டைக் கதிர்வீச்சாகக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்தக் கதிரைத் தடுக்கத்தான் இந்த ஃபாயில், அதாவது ரேடியன்ட் பேரியர். ஒரு பொருள் எவ்வளவு சூட்டைக் கதிராக வெளியே விடும் என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் அளவு உமிழ்திறன்; கூரை மரத்துக்கு அது 0.9 அளவில் இருக்கும். ரேடியன்ட் பேரியர் என்று விற்கும் ஃபாயிலுக்கு அது 0.1-ஐத் தாண்டக்கூடாது. அதாவது ஃபாயில் சூடானாலும் அந்தச் சூட்டைக் கதிராக அதிகம் வெளியே விடாது.

பளபளப்பான பக்கம் கீழே பார்க்கும்படி அடிக்கச் சொன்னால் பலர் நம்புவதில்லை. 'வெயில் மேலேயிருந்துதானே வருகிறது?' என்பார்கள். மேலே பார்த்தால் கதிரைத் திருப்பி அனுப்பும், கீழே பார்த்தால் கதிரை உமிழாமல் இருக்கும். பலன் ஏறக்குறைய ஒன்றுதான். கீழே பார்த்தால் தூசி படியாது என்பது கூடுதல் லாபம். அட்டிக்கின் தரையில் விரித்த ஃபாயில் மேல் தூசி படியப் படிய அது சாதாரணத் தாள்போல ஆகிவிடும். அதனால் கைமரங்களின் அடியில் அடிப்பதே என் தேர்வு.

இதைவிட முக்கியமானது காற்று இடைவெளி. பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் முக்கால் அங்குலமாவது காலி இடம் வேண்டும். இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒட்டவைத்து அழுத்திவிட்டால் அது வெறும் அலுமினியம். அலுமினியமோ வெப்பத்தை நன்றாகக் கடத்தும் உலோகம். இன்சுலேஷன் வேண்டாம் என்று நான் சொல்லாததற்குக் காரணமும் இதுதான்: கதிரைத் தவிர மற்ற வழிகளில் வரும் சூட்டை ஃபாயில் தடுக்காது.

அடித்தபின் நான் கவனித்த மாற்றம் ஒன்று. உச்சிவெயிலில் அட்டிக்கில் ஏறினால் முன்பு தலையிலும் முகத்திலும் அனல் அறையும், இப்போது அது இல்லை. ஆனால் உள்ளே காற்று இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. எனவே காற்றோட்டத் துளைகளை ஃபாயிலால் மூடிவிடாதீர்கள்.

விற்பவர்கள் விளக்கைக் கொளுத்தி, நடுவில் ஃபாயிலைப் பிடித்து, 'கையை வைத்துப் பாருங்கள்' என்பார்கள். டெமோ பொய்யில்லை. ஆனால் கீழே ஏற்கெனவே தடிமனான இன்சுலேஷன் இருக்கும் வீட்டின் கதை வேறு. அங்கே கிடைக்கும் மிச்சம் சின்னது. வெயில் அதிகமுள்ள இடங்களில் குளிரூட்டும் செலவு 5 முதல் 10 சதவீதம் குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. பாதியாகக் குறையும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஏசி டக்ட் (குளிர்காற்று போகும் குழாய்) அட்டிக் வழியாகப் போகிற வீடு என்றால் பலன் கூடும். குளிர்ப் பிரதேசமா? சரி, அந்தப் பணத்துக்கு இன்சுலேஷனையே கூட்டுங்கள்.

அப்புறம், தரையில்தான் விரிக்க வேண்டிய நிலை என்றால் சிறு துளைகள் போட்ட ஃபாயிலாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் வீட்டிலிருந்து மேலேறும் ஈரம் அதன் அடியில் தங்கி இன்சுலேஷனை நனைத்துவிடும். எங்கே அடித்தாலும் முதலில் மின்கம்பிகளைப் பாருங்கள். தோல் உரிந்த கம்பி பட்டால் ஃபாயில் முழுவதும் மின்சாரம் பாயும்.