முதல் இல்லாமல் வட்டி ஏது?

கேள்வி: 'ஊட்டியில் பிடிபடும் மியூவான்கள், கேலக்ஸிக் கொத்துகள் மோதும்போது எழும் அதிர்ச்சி அலையில் பிறந்து வருகின்றன' என்று எங்கள் ஊர் அறிவியல் கூட்டத்தில் ஒருவர் பேசினார். அந்த அலை துகள்களுக்கு எப்படி அவ்வளவு வேகம் கொடுக்கிறது?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: பேச்சாளர் கைதட்டல் வாங்கியிருப்பார். மார்க் கிடையாது. மியூவான் என்பது எலக்ட்ரானின் கனத்த உறவுக்காரத் துகள். அதன் ஆயுள் ஒரு நொடியில் 10 லட்சத்தில் 2 பங்கு. வேகத்தால் அது கொஞ்சம் நீளும். அதற்காக இன்னொரு கேலக்ஸியிலிருந்து வந்து சேர முடியுமா? தொட்டபெட்டாவுக்குப் பல கிலோமீட்டர் மேலே, விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் காஸ்மிக் கதிர் புரோட்டான் காற்றில் மோதும்போது பிறக்கிற பிள்ளை அது. காஸ்மிக் கதிர்களை ஆராயும் ஊட்டி கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் தினமும் சுமார் 400 கோடி மியூவான்களை எண்ணுகிறது. அவற்றின் தாய்ப் புரோட்டான்களில் பெரும்பாலானவை நம் பால்வெளியைச் சேர்ந்தவை.

சரி, அலைக்கு வருவோம். கேலக்ஸிகள் கூட்டமாகச் சேர்ந்திருக்கும் கொத்துகள் மோதும்போது முட்டிக்கொள்வது கேலக்ஸிகள் அல்ல, அவற்றுக்கு இடையே கிடக்கும் பல கோடி டிகிரி சூடான வாயு. அங்கே எழும் அலை ஓங்கி ஒரே அடி அடிப்பதில்லை. இது வட்டிக் கணக்கு. அலையைத் தாண்டிய துகளைச் சிக்கலான காந்தப்புலம் திருப்பி அனுப்பும்; மறுபக்கப் புலம் மறுபடி திருப்பும். இரு பக்க வாயுவும் ஒன்றையொன்று நெருங்குவதால் சுற்றுக்குச் சுற்று லாபம். நூற்றுக்கு ஒன்று தேறினாலே பெரிது. ஆனால் வட்டிக்கு வட்டி அல்லவா? 70 சுற்றில் இரண்டு மடங்கு, 700 சுற்றில் ஆயிரம் மடங்கு! பெரும்பாலான துகள்கள் நடுவிலேயே வாயுவோடு அடித்துக்கொண்டு போய்விடும். கடைசிவரை ஆடிப் பணக்காரர் ஆவது வெகு சில. 1949-இல் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி போட்ட விதை இது. அதிர்ச்சி அலைக்கு ஏற்றபடி அது வடிவெடுத்தது 1977-78-இல்.

இதில் ஒரு முடிச்சு உண்டு. கொத்துகளின் அலைகள் நோஞ்சான்கள். அந்த வாயுவில் ஒலி போகும் வேகத்தைப்போல இரண்டு மூன்று மடங்குதான். சாதாரண எலக்ட்ரானை இந்த ஆட்டத்துக்குள் இழுக்கவே அவற்றுக்குத் தெம்பு போதாது. ஆனாலும் ஒரு கொத்து மோதலின் ஓரத்தில் இருக்கும், 'சாசேஜ்' என்று பேர் வாங்கிய வில், 60 லட்சம் ஒளியாண்டு நீளத்துக்கு ரேடியோவில் ஒளிர்கிறது. எப்படி? கேலக்ஸிகளின் கருந்துளைகள் எப்போதோ துப்பிவிட்டுப் போன பழைய எலக்ட்ரான்கள்தான் இந்த வட்டிக்குப் போட்ட முதல் என்று பலரும் சந்தேகிக்கிறார்கள்.

புரோட்டான் கதை இன்னும் வேடிக்கை. கொத்துக்குள் சிக்கினால் பிரபஞ்சத்தின் வயது முழுக்க வெளியேற வழியில்லை. அங்கேயே வாயுவோடு மோதிக் காமா கதிர் தர வேண்டும். காமா கதிர்களைப் பார்க்க 2008-இல் ஏவிய ஃபெர்மி செயற்கைக்கோள் வருஷக்கணக்கில் தேடியும் எதிர்பார்த்த அளவுக்கு அது கிடைக்கவில்லை. கொத்துக்குள்ளேயே சரியாகத் தட்டுப்படாத புரோட்டானை உங்கள் ஊர்ப் பேச்சாளர் ஊட்டிவரை கூட்டி வந்துவிட்டார். எந்த பஸ்ஸில் என்று அடுத்த கூட்டத்தில் கேட்டு எழுதுங்கள்.