எஸ்டிமேட் ஏறிவிட்டது, வேலையும் நின்றுவிட்டது

கேள்வி: மாடியில் ஓர் அறை கட்ட, கான்ட்ராக்டர் ஒரே தாளில் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார். பத்தில் எட்டுப் பங்கு பணம் வாங்கிவிட்டார்; சுவர்தான் எழும்பியிருக்கிறது. நடுவில் நாங்கள் ஒரு குளியலறையும் சேர்க்கச் சொன்னோம். இப்போது பாதிக்குப் பாதி கூடுதலாகக் கேட்டு வேலையை நிறுத்திவிட்டார். கொடுக்க வேண்டுமா? வேறு ஆளை வைத்து முடிக்கலாமா?

பதில்: அந்தத் தாளை மறுபடி படியுங்கள். ‘உத்தேசமாக’ என்று எழுதியிருக்கிறாரா, ‘இந்தத் தொகைக்கு முடித்துத் தருகிறேன்’ என்றா? முதலாவது வெறும் மதிப்பீடு. கூடலாம், ஆனால் ஏன் கூடியது என்று அவர் கணக்குக் காட்ட வேண்டும். இரண்டாவது, விலை பேசி முடித்த ஒப்பந்தம். அதில் சிமெண்ட், கம்பி விலை ஏறியது பொதுவாக அவர் பாடு. ஏறினால் கூட்டித் தருவதாக எழுதியிருந்தால் மட்டுமே உங்கள் தலையில் விழும்.

குளியலறை வேறு கதை. நீங்கள் கேட்டீர்கள், அவர் கட்டினார். ரேட் பேசவில்லை என்பதால் அது இலவசமாகிவிடாது. நியாயமான தொகை கொடுத்தாக வேண்டும். ‘இவ்வளவு ஆகும் என்று சொல்லியிருந்தால் கேட்டிருக்கவே மாட்டோம்’ என்று என்னிடம் வருகிற பலரும் சொல்வார்கள். நீதிமன்றத்தில் அது எடுபடுவது கஷ்டம். ஆகவே மொத்தமாக மறுக்காமல், எது குளியலறைக்கு, எது விலையேற்றத்துக்கு என்று பிரித்து எழுதிக் கேளுங்கள். அதுவரை மேற்கொண்டு பணம் கொடுக்காதீர்கள்.

வேறு ஆளை இறக்க அவசரம் வேண்டாம். புது ஆள் நான்கு வரிசை செங்கல் வைத்துவிட்டால், பழையவர் எதுவரை கட்டினார் என்று காட்டுவது பெரும்பாடு. இருவர் பக்கமும் சாராத ஒரு பொறியாளரை வைத்து, முடிந்த வேலையை அளந்து மதிப்புப் போட்டு அறிக்கை வாங்குங்கள்; படங்களும் எடுத்து வையுங்கள். பிறகு, ‘இத்தனை நாளுக்குள் தொடங்காவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, மீதி வேலைக்கு ஆகும் கூடுதல் செலவை உங்களிடமே வசூலிப்பேன்’ என்று நோட்டீஸ் அனுப்புங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். குளியலறைப் பேச்சு அதில் இருக்கக்கூடும்.

சங்கடமான ஒரு கேள்வி: அனுமதி வாங்கிய வரைபடத்தில் அந்தக் குளியலறை உண்டா? இல்லையென்றால், வழக்குக்குப் போகுமுன் திருத்திய வரைபடத்துக்கு விண்ணப்பியுங்கள். விதிமீறல் நோட்டீஸ் வந்தால், முதலில் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும்.

மீதி வேலைக்கு எழுதும் ஒப்பந்தத்தில் தளம் போட்டால் இவ்வளவு, பூச்சு முடிந்தால் இவ்வளவு என்று வேலையைப் பார்த்தே பணம். கூடுதல் வேலை எதுவானாலும் தொகை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அதற்கென்று பட்ஜெட்டில் 10 முதல் 15 சதவீதம் தனியே ஒதுக்குங்கள். கடைசி 5 சதவீதத்தை, தளம் ஒரு மழையைப் பார்த்த பிறகு கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள்.