தலைக்கு 18,000 ரூபாய் கட்டிப் பறவை பார்க்க வேண்டுமா?

கேள்வி: திருச்சியில் வேலை பார்க்கும் நண்பர்கள் நாலு பேர் நாங்கள். போன வருடம் பறவை பார்க்கும் ஆசை வந்து ஜூன் மாதம் வேடந்தாங்கல் போனோம், ஏரியில் மாடுதான் மேய்ந்துகொண்டிருந்தது. கொடைக்கானல் போன அன்று விடாத மழை. வருடம் முழுக்கச் சுற்றியும் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் அமையவில்லை. இப்போது ஒருவர் 'வருட பேக்கேஜ்' என்று தலைக்கு 18,000 ரூபாய் கேட்கிறார். பூநாரை, இருவாட்சி, தவளைவாயன் எல்லாம் கேரண்டி, காட்டுக்குள் போக ஸ்பெஷல் பர்மிஷனும் வாங்கித் தருவேன் என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். பறவைக்கு யாரும் கேரண்டி கொடுக்க முடியாது. கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் பொய் சொல்கிறார், அல்லது அந்தப் பறவையை உங்கள் கேமராவுக்கு முன்னால் வரவழைக்க ஏதோ வேலை செய்யப்போகிறார். இரண்டாவதுதான் மோசம், அதைக் கீழே சொல்கிறேன். போன வருடம் நீங்கள் ஏமாந்ததற்கு வழிகாட்டி இல்லாததா காரணம்? மாதம் தவறிவிட்டது, அவ்வளவுதான்.

வேடந்தாங்கல் அடிப்படையில் ஒரு பாசன ஏரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறையும், வயலுக்குத் தண்ணீர் போகப் போக வற்றும், கோடையில் தரை தெரியும். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன் எல்லாம் அங்கே கூடு கட்டுவது தண்ணீருக்கு நடுவில் நிற்கும் மரங்களுக்காக. சுற்றிலும் தண்ணீர் கிடந்தால் நாயோ பூனையோ மரத்தடிக்கே வராது. தண்ணீர் போய்விட்டால் அப்புறம் அங்கே என்ன வேலை, குஞ்சுகளைப் பறக்கவிட்டுக் கிளம்பிவிடும். அந்த ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்ததால்தான், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு, 1798 வாக்கிலேயே பாதுகாப்புக்கு எழுத்து வாங்கி வைத்தார்கள்.

இன்றைக்கு நமக்குத்தான் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஒரு சரணாலயத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன், "வாங்க சார், பாத்துக்கலாம்" என்றார்கள். போய்ப் பார்த்தால் டிக்கெட் கவுண்டரில் ஆள் இருக்கிறார், ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சிமென்ட்டில் கொக்கு செய்து பெயின்ட் அடிக்கக் காசு இருக்கிறது, வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி வாராவாரம் தண்ணீர் மட்டத்தை எழுதிப்போட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சரி, அவர்களை விடுங்கள். இ-பேர்ட் என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது. அதில் இடத்தின் பெயரைப் போட்டால் போன வாரம் அங்கே போனவர்கள் எதையெல்லாம் பார்த்தார்கள் என்று பட்டியல் வரும். பட்டியலில் மைனாவும் காக்காவும் மட்டும் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

உங்கள் வருடத்தை ஜனவரியில் ஆரம்பிக்காமல் அக்டோபரில் ஆரம்பியுங்கள். எங்கள் கூட்டம் (ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், மருந்துக் கடைக்காரர் ஒருவர், கார் ஓட்டுவதற்காகவே சேர்த்துக்கொண்ட அவருடைய மச்சான், நான்) அப்படிச் சுற்றியதில் மனதில் நின்றவற்றைச் சொல்கிறேன். அதையே காலண்டராக வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது செலவே இல்லாதது. மழை தொடங்கிய ஒரு காலையில் மருந்துக் கடைக்காரர் வீட்டுக் கொல்லையில், வாழைச் சருகுகளுக்கு நடுவே ஓர் ஆறுமணிக்குருவி. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை அது. இரவில் பறந்து, விடியும்போது களைத்துப்போய் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே இறங்கும். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் நீலத் தோளுமாக அது சருகைக் கிளறுவதைப் பார்த்த மச்சான், அதுவரை காரிலேயே தூங்கிக்கொண்டிருந்தவர், அடுத்த பயணத்துக்கு அவரே எங்களைக் கூப்பிட ஆரம்பித்தார். உங்கள் வீட்டுப் பக்கம் இப்படி ஒன்று சோர்ந்து கிடந்தால் பாலும் அரிசியும் ஊட்டாதீர்கள். துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, சாயங்காலம் திறந்துவிடுங்கள், போய்விடும்.

டிசம்பரில் கோடியக்கரை. உங்களுக்கு பூநாரை கேரண்டி என்று சொன்னவர் அந்தச் சதுப்பின் தண்ணீர் மட்டத்துக்கும் கேரண்டி கொடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். பூநாரை ஆழம் குறைந்த தண்ணீரில் அலகைக் கவிழ்த்து அரித்துத் தின்கிற பறவை, பெருமழை பெய்து ஆழம் கூடினால் வேறு பக்கம் போய்விடும். நாங்கள் போனபோது தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது, வெயில் ஏறியதும் கானல் அதையும் விழுங்கிவிட்டது. ஆனால் அன்றைக்கு எங்களை நிறுத்தி வைத்தவை கொசு உள்ளான்கள் என்கிற சின்னஞ்சிறு பறவைகள். ஒவ்வொன்றும் 30 கிராம்கூட இருக்காது, சைபீரியாவின் வடகோடியிலிருந்து வருகின்றன. மேலே ஒரு பூனைப்பருந்து தலைகாட்டியதும் சேற்றிலிருந்த கூட்டம் மொத்தமும் எழும்பி, ஒரு திருப்பத்தில் பழுப்பாகவும் அடுத்த திருப்பத்தில் வெள்ளையாகவும் மாறி மாறிச் சுழன்றது. வாத்தியார் குறிப்பேட்டை மூடிவிட்டார். அங்கே விடியற்காலையில் நிற்க வேண்டும், பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால் வெளிமானைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

பொங்கல் விடுமுறையில் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கரைவெட்டி இருக்கிறது, அரியலூர் மாவட்டம். மேட்டூர் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிறைகிற பெரிய ஏரி. வேடந்தாங்கலுக்கு அத்தனை மணி நேரம் ஓட்டியவர்கள் இதை விட்டுவிட்டீர்களே! திபெத், மங்கோலியா பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து இங்கே குளிர்காலத்தில் தங்கும். அந்த நாட்களில்தான் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கும். யாரிடமும் அனுமதி வேண்டாம், கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எண்ணி இ-பேர்டில் ஏற்றினால் போதும். தெரியாத பறவைக்குப் பெயர் சொல்ல பக்கத்தில் யாராவது நின்றுகொண்டிருப்பார். அவர் காசு கேட்க மாட்டார்.

அறுவடை முடிந்ததும் தஞ்சாவூர்ப் பக்கம் வயல்வெளிகளைச் சும்மா ஒரு சுற்று சுற்றுங்கள். அறுவடை இயந்திரத்துக்குப் பின்னால் கொக்குகள் வரிசையாக நடப்பதைப் பார்க்க டிக்கெட் கிடையாது.

பிப்ரவரி கடைசியில் கூந்தன்குளம். இதைக் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்ல வேண்டும். கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள் என்பது பறவை பார்ப்பதில் எல்லோருக்கும் பொதுவான விதி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்ற கணக்கில்தான் வைத்திருக்கிறது. நான் ஒப்புக்கொள்ளும் ஒரே விலக்கு திருநெல்வேலி மாவட்டத்து கூந்தன்குளம். அங்கே சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் ஏரியோடு நிற்காமல் ஊருக்குள்ளேயே வந்து, வீட்டு மரங்களில் கூடு கட்டும். தெருவில் குழந்தைகள் விளையாடும், மேலே குஞ்சுகள் கத்தும், எச்சம் கூரையில் விழும், யாரும் கல்லெடுக்க மாட்டார்கள். தீபாவளிக்கு வெடி இல்லை. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்க்கிற ஆட்கள் அந்த ஊரில் உண்டு. எங்கள் வாத்தியார் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வெயிலுக்கு நாரை இறக்கையை விரித்து குஞ்சுக்கு நிழல் பிடிப்பதை மத்தியானம் முழுக்கப் பார்த்தார், அந்த வீட்டு அம்மா மோர் கொடுத்தார்கள். ஆக, அங்கே தெருவில் நின்று கூட்டைப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் விலக்கு பறவைக்கும் அந்த ஊருக்கும் நடுவில் உள்ளது, உங்களுக்கானது இல்லை. தெருவில் நில்லுங்கள், திண்ணையில் உட்காருங்கள், மரத்தை உலுக்குவது, டிரோன் விடுவது கிடையாது. அதைவிட முக்கியம், 'கூந்தன்குளத்தில் பக்கத்தில் நின்று எடுத்தோமே' என்று வேறு ஊரில் அதையே செய்யாதீர்கள். ஆள் பழக்கமில்லாத இடத்தில் தாய் எழுந்து பறந்தால் அடுத்த நிமிடம் காக்கா வந்து முட்டையைத் தூக்கிவிடும். இந்தச் சாக்கைச் சொல்லித்தான் கூட்டுப் புகைப்பட ஆசாமிகள் எல்லா இடத்திலும் நுழைகிறார்கள்.

இப்போது உங்கள் பேக்கேஜ்காரர். மலை இருவாட்சியைப் பார்க்க எந்த ஸ்பெஷல் பர்மிஷனும் தேவையில்லை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போங்கள், பஸ்ஸே போகிறது. எஸ்டேட் சாலையோரத்தில் பழுத்த ஆலோ அத்தியோ இருந்தால் அங்கேயே காத்திருங்கள். மார்ச்சில் பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஆண் பழம் தேடிப் போய்வரும். அதன் இறக்கைச் சத்தம் பழைய நீராவி ரயில் ஏறுவது போல இருக்கும், பறவை தெரிவதற்கு முன்னாலேயே கேட்டுவிடும். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வந்து, டம்ளரோடு ரோட்டுக்கு ஓடினோம்.

ஏஜென்ட் விற்கும் 'பர்மிஷன்' என்பது பெரும்பாலும் யாரோ ஒருவருக்குக் கொடுக்கும் ஐநூறு ரூபாய்தான். மாட்டினால் அபராதம் உங்கள் பெயரில், அவர் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். முறையான மலையேற்றப் பாதைகளுக்கு அரசே இணையத்தில் பதிவு வைத்திருக்கிறது, காட்டுத்தீ காலத்தில் அதையும் மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்து குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு அந்த மாதங்களில் ஒருவர் உங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போகிறேன் என்றால் காசு தந்தாலும் போகாதீர்கள். விதியை மதிக்கிறவனை ஒவ்வொரு செக்போஸ்ட்டிலும் நிறுத்திக் கேள்வி கேட்பதும், பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற ஜீப்புக்குத் தடுப்புக் கம்பைத் தூக்கிவிடுவதும் என்று மாறுமோ தெரியவில்லை.

தவளைவாயன் கேரண்டியைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். பகலில் ஜோடியாகக் காய்ந்த இலை மாதிரி அசையாமல் உட்காருகிற பறவை. ஒரே ஒரு முட்டைதான் இடும், பகலில் அடைகாப்பது ஆண். அது உட்காரும் கிளையைத் தெரிந்து வைத்துக்கொண்டு, கும்பல் கும்பலாகக் கூட்டிப்போய், மறைக்கிற இலைகளை ஒடித்து, "சார், குளோஸ்-அப் எடுத்துக்கோங்க" என்பார்கள். மற்றவற்றுக்கு ஸ்பீக்கர் இருக்கிறது. ஆண் குரலைப் பதிவு செய்து போட்டால், தன் இடத்துக்கு வேறு ஆண் வந்துவிட்டது என்று நிஜப் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும், நீங்கள் படம் எடுப்பீர்கள், அடுத்த ஜீப் வரும், மறுபடி போடுவார்கள். பேக்கேஜ் விலையில் இதெல்லாம் அடக்கம். உள்ளூர் வழிகாட்டி வேண்டுமென்றால் அந்தந்த ஊரில் ஒரு நாளைக்கு மட்டும் பேசிக்கொள்ளுங்கள், ஸ்பீக்கர் போடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கு அவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

ஜூன், ஜூலையில் தூரப் பயணம் வேண்டாம். கிணற்றுமேட்டு ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவி ஆண்கள் பாதிக் கூட்டைப் பின்னிவிட்டுத் தொங்கிக்கொண்டு இறக்கையடிப்பதையும், பெட்டை வந்து பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போவதையும் பார்க்க உங்கள் ஊர் எல்லையே போதும். எங்கள் மருந்துக் கடைக்காரர் ஒரே மரத்துக்கு மழைக்காலம் வரைக்கும் வாராவாரம் போனார்.

மிச்சப்படுகிற 18,000 ரூபாயில் கேமரா வாங்கிவிடாதீர்கள். முதலில் பைனாகுலர், அதில் 8x42 என்று எழுதியிருக்க வேண்டும். முதல் எண் எத்தனை மடங்கு கிட்டே காட்டும் என்பது, அடுத்தது முன்பக்கக் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். ஆன்லைனில் '100 மடங்கு ஜூம்' என்று ஆயிரம் ரூபாய்க்கு விற்பதை வாங்காதீர்கள், கை நடுக்கத்தில் பறவை ஆடுமே தவிர தெரியாது. கடைக்குப் போய், வாசலில் நின்று எதிர் கட்டிடத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து, ஓரத்து எழுத்தும் தெளிவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். நாலு பேருக்கு முதல் வருடம் இரண்டு போதும். பேக்கேஜ்காரருக்கு அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருந்தால் பர்மிஷன் கடிதத்தின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், அது வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.