கொச்சியிலிருந்து விமானத்தில் போய் டிஸ்னி வேர்ல்டில் டென்ட் போட்டுத் தங்க முடியுமா?

கேள்வி பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்திருக்கிறது: பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர், கிறிஸ்துமஸ் லீவு, ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குள் இருக்கும் ஃபோர்ட் வில்டர்னஸ் முகாமில் நாலு இரவு. இங்கிருந்து எதைக் கட்டுவது, அங்கே எதை வாங்குவது?

முடியும். 1971 நவம்பரில் தொடங்கிய முகாம் அது. 750 ஏக்கர் பைன் மரக்காடு. டென்ட் தளத்துக்கும் தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, கரி அடுப்பு, மேசை உண்டு. ஏ.சி. போட்ட குளியலறையும் துணி துவைக்கும் மெஷினும் பக்கத்திலேயே இருக்கும். ஆக, டென்டால் தொல்லை இல்லை. அரிசி, வோல்டேஜ், வண்டி என்ற மூன்றில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

அரிசியை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டு மட்டை அரிசியை இரண்டு கிலோ கட்டிக்கொண்டு போனால் அமெரிக்கக் கஸ்டம்ஸில் குப்பைத்தொட்டிக்குப் போகும். தானியத்தை அரிக்கும் காப்ரா வண்டு இருக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் உண்டு. அந்த நாடுகளிலிருந்து பயணிகள் பையில் அரிசியும் கொண்டைக்கடலையும் வரக்கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தடை, அதிலும் ஃப்ளோரிடாவுக்குப் போகிறவர்கள் இதில் விளையாட வேண்டாம். கறிவேப்பிலையில் வாழும் ஒரு சின்னப் பூச்சிதான் ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிறது. 2005-இல் அந்த நோய் ஃப்ளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து அங்கே தோட்டம் தோட்டமாக அழிந்திருக்கிறது. கொப்பரையை செக்-இன் பையில் வைத்தால் இங்கே விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். எண்ணெய்ப் பசையால் தானாகத் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று கணக்கு. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் போகும். ஆனால் சாப்பாட்டுப் பொருள் என்று எது இருந்தாலும் கேட்கும்போது ‘இருக்கிறது’ என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் பொருள் மட்டும்தான் போகும், மறைத்தால் அபராதமும் சேரும். ஆர்லண்டோவில் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன, பட்டினி கிடக்க மாட்டீர்கள்.

டென்டும் அமெரிக்கக் கஸ்டம்ஸின் கண்ணில் படும். நெல்லியாம்பதியில் போட்ட டென்டை அப்படியே சுருட்டிக்கொண்டு போனால், முளையில் ஒட்டியிருக்கும் மண்ணுக்காகப் பையைப் பிரிக்கச் சொல்வார்கள். முளை, டென்டின் அடிப்பக்கம், செருப்பு எல்லாவற்றையும் கழுவி வெயிலில் காயவைத்துக் கட்டுங்கள். வழியில் நியூயார்க்கில் இறங்கினால் கஸ்டம்ஸ் அங்கேதான். பையை எடுத்து மறுபடி போட வேண்டும். துபாய் வழியாக நேரே ஆர்லண்டோ போனால் அந்தத் தொல்லை இல்லை.

கொண்டுபோக வேண்டியது குறைவு: ஆறு பேர் டென்ட் (நாலு பேருக்கு அதுதான் சரியாக இருக்கும், ‘நாலு பேர் டென்ட்’ என்பது பாயோடு பாய் உரசும் அளவு), அடிவிரிப்பு, ஆளுக்கொரு மெல்லிய ஸ்லீப்பிங் பேக், ஹெட்லைட். பல விமானங்களில் அமெரிக்காவுக்கு ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பை; உங்கள் டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் கூட்டினால் 158 செ.மீ. தாண்டக்கூடாது என்பதால் மடித்தபின் கம்பி 60 செ.மீ.க்குள் நிற்கும் டென்டாக வாங்குங்கள். முளைகள் செக்-இன் பையில், பவர் பேங்க் கைப்பையில். தீப்பெட்டி செக்-இன் பையில் கூடாது. காஸ் குப்பி எந்தப் பையிலும் கூடாது. ஒருமுறை எரித்த கேம்பிங் அடுப்பில் எரிபொருள் வாடை இருந்தாலே நிறுத்துவார்கள், அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கிளம்புமுன் நெற்களத்தில் ஒருமுறை டென்டைப் போட்டு, மோட்டார் ஹோஸால் பத்து நிமிடம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். ஒழுகினால் தையலில்தான் ஒழுகும். தையலை அடைக்கும் சீம் சீலர் பசை பூசி ஒரு நாள் காயவிட வேண்டும். அடிவிரிப்பு டென்டின் தரையைவிட நாலு விரல் உள்ளே அடங்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை வாங்கி அடியில் சேர்த்துவிடும். டென்ட் மட்டமென்று திட்டுகிறவர்களில் பாதிப் பேர் செய்த தவறு இது.

ஃப்ளோரிடா மண் மணற்பாங்கு. டென்டோடு வரும் சின்ன முளை நம் ஊர் செம்மண்ணில் பிடிக்கும், அங்கே உருவிக்கொண்டு வரும். 25 முதல் 30 செ.மீ. நீள முளை வேண்டும். டென்டுக்கு எதிர்ப்பக்கம் தலை சாய்த்து அடிக்க வேண்டும். விரிக்குமுன் தரையைப் பாருங்கள். முதலமடை மாந்தோப்பு முசுறு எறும்பு மேலேயிருந்து விழும், கடித்ததும் தெரியும். அங்கத்திய நெருப்பெறும்பு பொடிமண் குவியலுக்குள் இருக்கும். மிதித்தால் கூட்டமாகக் காலில் ஏறிக் கொட்டும், மறுநாள் சீழ்க்கொப்புளம். இரவில் ரக்கூன் என்ற காட்டு விலங்கு சாப்பாடு தேடி வரும். சாப்பாடு எல்லாம் காருக்குள்.

மின்சாரம் அங்கே 120 வோல்ட். போன் சார்ஜருக்கு பிளக் மாற்றும் அடாப்டர் போதும். நம் ஊர் 1500 வாட் கெட்டிலைச் செருகினால் எரிந்துபோகாது, ஆனால் வோல்டேஜ் பாதியானால் சூடு கால்வாசி: 400 வாட் அளவுக்குத்தான் கிடைக்கும், காபிக்குத் தண்ணீர் கொதிக்கும்முன் பிள்ளைகள் பார்க்குக்குக் கிளம்பிவிடும். கெட்டில், ரைஸ் குக்கர் இரண்டையும் வால்மார்ட்டில் வாங்குங்கள். வெளியில் போடத்தக்க 25 அடி எக்ஸ்டென்ஷனும் வேண்டும். 20 ஆம்பியர் இணைப்பு என்றால் மொத்தம் 2400 வாட்; கெட்டிலும் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் 3000 வாட், டிரிப் ஆகும். பனியில் பிளக் நனைந்தாலும் டிரிப் ஆகும், அதனால் பிளக் இணையும் இடத்தைத் தரையில் போடாதீர்கள். இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினால் அலுமினியக் குக்கர் அதில் வேலை செய்யாது. காஸ் அடுப்புதான் வேண்டுமென்றால், இரண்டு பர்னரும் முழுவேகத்தில் எரிந்தால் 16.4 அவுன்ஸ் புரொப்பேன் குப்பி ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரும்.

விமான நிலையத்திலிருந்து டிஸ்னி இலவசமாக ஏற்றிப்போன பஸ் 2022 ஜனவரியோடு நின்றுவிட்டது. சுமார் 35 கி.மீ. தூரம். இத்தனை சாமான் வாங்கவேண்டியிருப்பதால் வாடகைக் கார்தான் சரி. பாலக்காட்டுச் சித்தூர் ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வைத்தால் கார் கம்பெனியில் பேச்சு வளராது. முகாமில் தங்குகிறவர்களுக்குப் பார்க் வாசலில் பார்க்கிங் கட்டணம் கிடையாது. மேஜிக் கிங்டம் என்ற பார்க்குக்கு மட்டும் காரை எடுக்காதீர்கள். முகாமின் படகுத்துறையிலிருந்து படகு போகிறது, சுகமான பயணம்.

முகாமில் செக்-இன் மதியம் 1 மணி. டிசம்பரில் ஐந்தரைக்கே பொழுது சாய்ந்துவிடும். விமானம் மூன்றுக்குப் பின் இறங்கினால் முதல் இரவு விமான நிலைய ஓட்டலில் படுத்துவிடுங்கள். ஒரு நாள் முழுக்கப் பறந்துவிட்டு இருட்டில் முளை அடிப்பது குடும்பச் சண்டைக்கு வழி.

டிசம்பர், ஜனவரியில் சில இரவுகள் 10 டிகிரிக்குக் கீழே போகும். காற்று மெத்தை விடியலில் தொய்ந்திருந்தால் ஓட்டை என்று நினைக்காதீர்கள், குளிரில் காற்று சுருங்கியிருக்கும். மெத்தைக்கு மேலே ஒரு கம்பளி விரித்தால்தான் முதுகு தாங்கும். கிறிஸ்துமஸ் வாரம் வருஷத்திலேயே கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும் வாரம். கேரளப் பள்ளி லீவை ஒட்டிப் போக வேண்டுமென்றால் ஈஸ்டர் வாரத்தைத் தவிர்த்து ஏப்ரலில் போவதே மேல். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் பிற்பகலில் இடிமழை. இடி கேட்டால் டென்டுக்குள் ஒதுங்காமல் காருக்கோ குளியலறைக் கட்டடத்துக்கோ ஓடுங்கள்.

திரும்பும் நாளில் டென்ட் பனியில் நனைந்திருக்கும், ஒன்றிரண்டு கிலோ கூடும், 23-ஐத் தாண்டும். செக்-அவுட் 11 மணி. எட்டுக்கே மேல்துணியைக் கழற்றி மேசைமேல் உலர்த்துங்கள். டிரையரில் சூட்டோடு போட்டால் உள்பூச்சு உரிந்துவிடும். ஐஸ் பெட்டி, நாற்காலி, மீதி காஸ் குப்பியைப் பக்கத்து டென்ட்காரரிடம் கேட்டுக் கொடுத்துவிடலாம். பயன்படுத்திவிட்டுக் கடையில் ரிட்டர்ன் கொடுக்கச் சொல்லும் புத்திசாலிகள் உண்டு, அது வேண்டாம். நாலு இரவுக்குக் குறைவாகத் தங்குவதானால் வாங்கிப் போடும் சாமானின் விலைக்கு வெளியே சாதாரண மோட்டலே கிடைத்துவிடும்.