டவரில் எந்த ரேடியோ ஏற்றுவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பொள்ளாச்சியில் சிறிய அளவில் இன்டர்நெட் சேவை நடத்துகிறோம். 12 கிலோமீட்டர் தள்ளியுள்ள கிராமத்தில் 90 வீட்டார் இணைப்புக் கேட்கிறார்கள். அங்கே ஃபைபர் போகவில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் 200 மெகாபிட் கொண்டுபோக எந்த ரேடியோ வாங்கலாம்? கடைக்காரர் ஒன்றைக் காட்டி, ‘500 மெகாபிட் வரும்’ என்கிறார்.

பதில்: 90 வீட்டுக்கு 200 மெகாபிட் என்பது சரியான கணக்கு. இரவு எட்டு, ஒன்பது மணி நெரிசலில் வீட்டுக்கு 2 மெகாபிட்டுக்குக் கொஞ்சம் மேல் வைத்தால் தாங்கும்.

ரேடியோவைக் கடைசியில் பார்ப்போம். உங்கள் பக்கத்தில் லிங்க்கின் (இரு டவர் ரேடியோக்களுக்கு இடையிலான இணைப்பு) காலை வாருவது பெரும்பாலும் தென்னைதான். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. 12 கிலோமீட்டர் லிங்க்கின் நடுவில் அதற்குச் சுற்றிலும் 12.5 மீட்டர் ஆரத்துக்கு இடம் வேண்டும். ஃப்ரெனல் மண்டலம் என்பது இதுதான். அதில் 60 சதவீதம், அதாவது 7.5 மீட்டராவது தடையில்லாமல் இருந்தாக வேண்டும். பூமியின் வளைவுக்கு இன்னொரு 2 மீட்டர். நடுவழியில் 20 மீட்டர் தென்னை நின்றால் அலை அந்த இடத்தைத் தரையிலிருந்து 30 மீட்டர் உயரத்தில் கடக்க வேண்டும். மரம் வளரும், அதற்கும் 3 மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். கூகுள் எர்த்தில் தரையின் மேடுபள்ளம் தெரியும். தோப்பின் உயரத்தை நம்ப முடியாது. வண்டி எடுத்துக்கொண்டு பாதை நெடுகப் போய்ப் பார்த்துவிடுங்கள். ஓலையை உரசிக்கொண்டு போகும் லிங்க் பங்குனியில் அருமையாக ஓடும். ஆடிக் காற்று பிடித்ததும் சிக்னல் ஏறி இறங்கத் தொடங்கும். ஓலை நனைந்துவிட்டால் இன்னும் மோசம்.

அடுத்தது டிஷ். 5725–5875 மெகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல் அனுப்ப மத்திய அரசின் 2018 அறிவிக்கை இடம் தருகிறது. ஆனால் ரேடியோவின் பவரும் டிஷ்ஷின் கெய்னும் (அலையை ஒரே திசையில் குவிக்கும் திறன், அளவு டிபிஐ) சேர்ந்து 36 டிபிஎம் (பவரின் டெசிபெல் அளவு), அதாவது 4 வாட் தாண்டக் கூடாது. ‘அப்படியானால் பெரிய டிஷ் எதற்கு?’ என்று பலர் கேட்கிறார்கள். சிக்னலை வாங்கும் பக்கத்துக்கு அந்த வரம்பு இல்லை என்பதுதான் பதில். 12 கிலோமீட்டரில் காற்றிலேயே 129 டெசிபெல் போய்விடும். 36-இல் 129 கழித்தால் மைனஸ் 93. எதிர்முனையில் 25 டிபிஐ டிஷ் இருந்தால் கைக்கு வருவது மைனஸ் 68. 34 டிபிஐ இருந்தால் மைனஸ் 59 (பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலு). இந்த 9 டெசிபெல்லை எந்த விலை உயர்ந்த ரேடியோவும் தராது. 34 டிபிஐ டிஷ் மாட்டினால் ரேடியோவின் பவரை 2 டிபிஎம்முக்கு இறக்க மறக்காதீர்கள். பவரைக் கூட்டி வைத்தால் சட்டமும் மீறப்படும், அக்கம்பக்கத்து லிங்க்குகளும் கெடும்.

சேனல் அகலத்தில் பலருக்குக் கணக்கு உதைக்கிறது. 40 மெகாஹெர்ட்ஸில் 256 குவாம் (அலையில் பிட்களை அடுக்கும் முறை; எண் கூடினால் வேகம் கூடும், சிக்னலும் சுத்தமாக வேண்டும்) ஓடினால் காற்றில் 360 மெகாபிட்; அதற்கு நாய்ஸைவிட, அதாவது பின்னணி இரைச்சலைவிடச் சிக்னல் 30 டெசிபெல் மேலே இருக்க வேண்டும். 80 மெகாஹெர்ட்ஸில் வெறும் 16 குவாம் ஓடினாலே 390. அதற்கு 18 டெசிபெல் போதும். சேனல் இரட்டிப்பானால் நாய்ஸ் 3 டெசிபெல் ஏறும். அதைக் கழித்தாலும் 9 டெசிபெல் லாபம். கிராமத்து முனையில் ஸ்பெக்ட்ரம் ஸ்கேன் (எந்தச் சேனலில் எவ்வளவு இரைச்சல் என்று காட்டும் சோதனை) போட்டுப் பாருங்கள், டவுன்லோடைக் கேட்கும் காது அங்கேதான் இருக்கிறது. காலியாக இருந்தால் 80 வையுங்கள். காற்றில் 390 என்றால் கையில் சுமார் 240 வரும், அதுவும் போக வர இரண்டும் சேர்த்து. கடைக்காரர் சொல்லும் 500-உம் பெரும்பாலும் காற்றில் ஓடும் எண்தான்.

இப்போது ரேடியோ. டிஷ் தனியாக மாட்டும் வகை, கிகாபிட் போர்ட், ஒரே டவரில் பல லிங்க் வரப்போகிறது என்றால் ஜிபிஎஸ் ஒத்திசைவு. ஒத்திசைவு இல்லாவிட்டால் ஒரு ரேடியோ கேட்கும் நேரத்தில் பக்கத்து ரேடியோ கத்தும். மிமோசா பி5சி, யுபிக்விட்டி ஏர்ஃபைபர் 5எக்ஸ்எச்டி இரண்டும் இந்த வகை. எதை வாங்கினாலும் டபிள்யூபிசியின் (மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு) இடிஏ சான்றை, அதாவது கருவிக்கான ஒப்புதலைக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டிய பின் மைனஸ் 60 அருகே வர வேண்டிய சிக்னல் மைனஸ் 78-இல் நிற்கிறதா? டிஷ்ஷின் பக்கவாட்டுக் கதிரில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 34 டிபிஐ டிஷ்ஷுக்கு முதன்மைக் கதிர் 3 டிகிரி அளவுதான். இருபுறமும் 15 டிகிரி வரை மெல்லத் திருப்பி உச்சத்தைத் தேடுங்கள்; பிறகு மேல் கீழ்; பிறகு எதிர்முனை. இரு முனையையும் ஒரே நேரத்தில் அசைக்கக் கூடாது. குழாய் 2 அங்குல ஜிஐக்குக் குறையாமல் இருக்கட்டும், மெல்லிய குழாய் காற்றில் முறுக்கும்.

கேள்வி: கடலூரில் எங்கள் இரு அலுவலகங்களுக்கு இடையே 1.2 கிலோமீட்டர். நடுவில் ரயில் பாதை. 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ போட்டால் 1 கிகாபிட் கிடைக்கும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: வெயில் நாளில் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் படுத்துவிடும். 60 கிகாஹெர்ட்ஸை ஆக்சிஜனே கிலோமீட்டருக்கு 15 டெசிபெல் விழுங்குகிறது. உங்கள் தூரத்துக்கு 18. மழை மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டினால் கிலோமீட்டருக்கு இன்னும் 29, அதாவது உங்களுக்கு 35 டெசிபெல். ஒரு நாள் முழுவதும் பெய்யும் அளவைச் சொல்லவில்லை. அந்த வேகம் பத்து நிமிடம் நீடித்தாலே லிங்க் விழும். அதே மழையில் 5.8 கிகாஹெர்ட்ஸ் கிலோமீட்டருக்கு ஒரு டெசிபெல்லுக்கு மேல் இழப்பதில்லை. மேலும், 2018 அறிவிக்கை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும்தான். 60-க்கு அனுமதி நிலையை விசாரிக்காமல் பணம் கட்டாதீர்கள். இவ்வளவு குறைந்த தூரத்துக்கு ரயில்வே அனுமதிக்கு அலைந்தாவது ஃபைபர் போடுவதே நல்லது. அது வரும்வரை 5 கிகாஹெர்ட்ஸ் கைகொடுக்கும்.

கேள்வி: வெளிநாட்டில் பயன்படுத்திய 11 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இரண்டு மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அது உரிமம் பெற்றே ஓட்ட வேண்டிய பட்டை. அமெரிக்காவிலும் எஃப்சிசி (அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம்) உரிமம் எடுத்துத்தான் ஓட்டுகிறார்கள். தவிர, இவ்வகை ரேடியோக்களில் பெரும்பாலானவை ஜோடியாகத்தான் வேலை செய்யும்: ஒன்று பட்டையின் மேல் பகுதியில் அனுப்ப, மற்றது கீழ்ப் பகுதியில் அனுப்பும். ஒரே மாதிரி இரண்டு வந்துவிட்டால் எதிரெதிரே வைத்தாலும் பேசிக்கொள்ளாது.

கேள்வி: திருவண்ணாமலை அருகே எங்கள் 4 கிலோமீட்டர் லிங்க்கில் சிக்னல் மைனஸ் 52. ரேடியோ 400 மெகாபிட் காட்டுகிறது. சோதித்தால் 94-க்கு மேல் ஏறவில்லை. ரேடியோவை மாற்ற வேண்டுமா?

பதில்: 94 என்ற எண்ணே நோயைச் சொல்லிவிட்டது. 100 மெகாபிட் ஈதர்நெட்டில் உச்சமாகக் கிடைப்பது அவ்வளவுதான். காற்றில் குறையில்லை, கேபிளில்தான் குறை. இரு முனையிலும் ரேடியோவின் லேன் நிலையைப் பாருங்கள்; ஒன்றாவது 1000-க்குப் பதில் 100 காட்டும். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். அதனால் அந்த நான்கில் சேராத ஒரு கம்பி விட்டுப்போனால் லிங்க் அறுபடாது, சத்தமில்லாமல் வேகம் இறங்கும். முதலில் பிஓஇ அடாப்டரை (நெட்வொர்க் கேபிள் வழியே ரேடியோவுக்கு மின்சாரம் தருவது) பாருங்கள், பழைய பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய 100 மெகாபிட் அடாப்டராக இருக்கலாம். பிறகு டவர் மேலுள்ள ஆர்ஜே45-ஐ (கேபிள் முனையின் பிளக்) வெட்டிப் புதிதாக அடியுங்கள்; தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தால் ஒரு சாண் கேபிளையும் சேர்த்து வெட்டுங்கள். கேபிளைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: செம்புக்கு அடியில் வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சுள்ள அலுமினியம். வளைத்தால் உடையும், மின்தடையும் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், 24 வோல்ட்டை 60 மீட்டர் ஏற்றினால் ரேடியோ இடையிடையே ரீபூட் ஆகும். முழுச் செம்பு, ஷீல்டு உள்ள வெளிப்புற கேபிளாகப் புதிதாக இழுத்து, மேலும் கீழும் மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் மாட்டி எர்த்தில் சேருங்கள். அந்த புரொடெக்டரும் கிகாபிட் வகைதானா என்று பார்த்து வாங்குங்கள். 100 மெகாபிட் வகையை மாட்டினால் மறுபடி 94-தான்.