வார்டு போன் அடித்தாலே பதற்றம்

கேள்வி: ஜெர்மனியில், லைப்சிக் நகர மருத்துவமனை ஒன்றில் ஐந்து மாதமாக நர்ஸ் வேலை. பி2 நிலை ஜெர்மன் மொழித் தேர்வில் பாஸ். நோயாளிகளிடம் பேசிவிடுகிறேன். வார்டு போன் அடித்தாலோ, டியூட்டி ஒப்படைக்கும்போது எல்லோர் முன்பும் பேச வேண்டியிருந்தாலோ நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கூட வேலை செய்பவர்களே போனை எடுத்துவிடுகிறார்கள். மறுபடி இலக்கணம் படிக்கட்டுமா?
- திருநெல்வேலி வாசகி

பதில்: வேண்டாம் சகோதரி. நோயாளியிடம் பேச வருகிறதென்றால் மொழி உங்களிடம் இருக்கிறது. நேரில் முகமும் கையும் பாதியைச் சொல்லிவிடும். போனில் அந்த வசதி இல்லை. போதாக்குறைக்கு, அந்த ஊர்ப் பேச்சில் 'ப'வும் 'ட'வும் குழைந்துபோய் வரும்.

தடுமாற வைப்பது பெரும்பாலும் எண்கள்தான். 85ஐ அவர்கள் 'ஃபுன்ஃப் உண்ட் ஆக்ட்ஸிக்' என்பார்கள். ஐந்து முன்னால், எண்பது பின்னால். ஐந்து காதில் விழுந்ததுமே எழுதினால் 58 ஆகிவிடும். பி.பி., இன்சுலின் அளவு என்றால் விளையாட்டல்ல. எண் முழுதாக முடிந்த பிறகே பேனாவை வையுங்கள். பிறகு 'ஆக்ட், ஃபுன்ஃப்' (எட்டு, ஐந்து) என்று ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொல்லுங்கள். இரண்டுக்கு 'ட்ஸ்வோ' என்றே சொல்லுங்கள். 'ட்ஸ்வை'யும் (இரண்டு) 'ட்ரை'யும் (மூன்று) போனில் ஒன்றுபோல் கேட்கும். 'ஹால்ப் ட்ரை' என்றால் இரண்டரை, மூன்றரை அல்ல. லைப்சிக் பக்கம் 'ஃபீர்ட்டெல் ட்ரை' என்றால் இரண்டேகால். மருந்து நேரத்தை 14.15 என்று 24 மணிக் கணக்கில் திருப்பிச் சொல்லிவிட்டால் குழப்பம் இருக்காது. தினமும் இருபது பி.பி. அளவுகளை உங்கள் குரலிலேயே பதிவு செய்து, மறுநாள் கேட்டு எழுதிப் பாருங்கள்.

புரியாமலே 'யா, யா' போடுவதை மட்டும் இன்றோடு விடுங்கள். எதிர்முனையில் இருப்பவர் அதைப் 'புரிந்தது' என்றுதான் எடுத்துக்கொள்வார். போனருகே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி, வார்டு பெயரும் உங்கள் பெயரும் சேர்ந்த முதல் வரி, 'மொமென்ட் பிட்டெ, இஷ் ஷ்ரைபெ மிட்' (எழுதிக்கொள்கிறேன்), 'இஷ் வீடர்ஹோலெ' (திருப்பிச் சொல்கிறேன்) ஆகியவற்றைத் தமிழ் எழுத்திலேயே எழுதி வையுங்கள். அப்படியும் பிடிபடவில்லையென்றால் 'இஷ் ஹோலெ ஐனெ கொலேகின்' (சக ஊழியரை அழைத்து வருகிறேன்) என்று சொல்லி, கூட இருப்பவரை அழையுங்கள்.

சக ஊழியர்கள் அன்பாகத்தான் போனை எடுக்கிறார்கள், ஆனால் பயம் அதில்தான் வேர்விடுகிறது. முதல் இரண்டு வாரம் நீங்களே அழைக்கும் போன்களை மட்டும் கேட்டு வாங்குங்கள்: லேப், எக்ஸ்ரே, மருந்தகம். என்ன பேசப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரியும். அதன்பின், வேலை குறைந்த மதிய நேரத்தில் வரும் போன்களை எடுங்கள். இந்த ஏற்பாட்டை வார்டு பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.

டியூட்டி ஒப்படைக்க, ஒரு நோயாளிக்கு நான்கு குறிப்புகள் போதும்: இப்போதைய நிலை, பின்னணி, உங்கள் கணிப்பு, அடுத்துச் செய்ய வேண்டியது. முழு வாக்கியமாக எழுதாதீர்கள்; நடுவில் யாராவது கேள்வி கேட்டால் விட்ட இடம் தெரியாமல் போகும். முதல் நோயாளியைப் பற்றி மட்டும் உடைமாற்றும் அறையில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்த முதல் அரை நிமிடம்தான் கஷ்டம்.

விடுமுறை நாளிலும் படபடப்பு வந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, குடும்ப மருத்துவரைப் பாருங்கள்.